நான்கு மூலையிலும் மஞ்சள்

ஜூன் 14, வெள்ளி

பாலைவன மலையிடுக்குகளின் பழைய வரைபடத்தை இன்று என் மனைவி மாலினி கெடுத்துவிட்டாள். புதுச் சட்டைக்குப் பூசுவதுபோல நான்கு மூலையிலும் மஞ்சள் பூசியிருக்கிறாள். வடகிழக்கு மூலையில், உயரக்கோடுகள் நெருங்கும் இடத்தில், முன்பு வைத்திருந்தவர் யாரோ பென்சிலால் ஒரு நீர்ச்சுனையைக் குறித்திருந்தார். அது மஞ்சளுக்குள் போய்விட்டது.

வேலையால் களைத்து வந்த நான், எங்கள் செவன் ஹில்ஸ் ஊர் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன்.

"தண்ணியில்லாத இடத்துக்குத் தனியப் போறியள். நான் வேற என்னத்தைச் செய்யிறது?" என்றுவிட்டு அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போனாள்.

ஈரத்துணியால் ஒற்றிப் பார்த்தேன். மஞ்சள் இன்னும் பரவியது. மன்னிப்புக் கேட்கவும் தெம்பில்லை.

அடுத்த கிழமை அந்தப் பாலைவனத்துக்குப் பயணம். "போகாதேங்கோ" என்று அவள் ஒருதடவைகூடச் சொல்லவில்லை. சொன்னால் நின்றுவிடுவேன்.