ஜன்னல் திறக்கும் அறை

மார்ச் 4, செவ்வாய்

கடையில் ஈ ஓட்டினோம். மூக்குக் கண்ணாடி நழுவுகிறது என்று ஒரு பெரியவர் வந்தார். ஸ்க்ரூவை முறுக்கிக் கொடுத்தேன். மற்ற நேரமெல்லாம் நான் தலைநகரத்தில் இருந்தேன், மனசால்.

கைபேசியில் விடுதிப் படங்களைப் பார்க்க ஆரம்பித்தால் நேரம் போவதே தெரியவில்லை. மூன்று விடுதிகளைப் பொறுக்கி வைத்திருக்கிறேன். ஒன்று முன்பு அரசாங்க விருந்தினர் மாளிகையாம். உச்சியில் செம்புக் குவிமாடம். இன்னொன்று ஆற்றைப் பார்த்த புதுக் கட்டடம். உள்ளே எல்லாமே வெள்ளை. மூன்றாவது ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு கிழட்டுக் கட்டடம், கம்பிக் கூண்டு மாதிரி லிஃப்ட். அதைப் பார்த்தவுடனே தள்ளிவிட்டேன்.

குவிமாட விடுதியின் படிக்கட்டில் இன்று பலமுறை ஏறினேன். என் புது மனைவி பக்கத்தில் வருகிறாள். கைப்பிடி வழவழவென்று இருக்கிறது. மேலே வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கி அவள் தோளில் நீலமாக விழுகிறது.

ஐம்பதைத் தாண்டிக் கல்யாணம் செய்துகொண்டவன் தேனிலவுக்கு விடுதி தேடுகிறான் என்று தெரிந்தால் முதலாளி விழுந்து விழுந்து சிரிப்பார். சிரிக்கட்டும்.

மார்ச் 6, வியாழன்

அவளிடம் படங்களைக் காட்டினேன். கல்யாணம் வரைக்கும் அவள் இந்த ஊர் விடுதி ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தவள். விடுதி என்றால் பழகிய இடம், சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"எத்தனை தலகாணி!" என்றாள். அப்புறம், "திரை வெள்ளையா இருக்கு. விரல் பட்டாலே தெரியும்." அப்புறம், "உங்க இஷ்டம்."

உங்க இஷ்டம். இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

கல்யாணமாகி ஒரு மாதம் ஆகப்போகிறது. அவள் பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில்தான். அலமாரியில் பாதியைக் காலி செய்து வைத்தேன். அது காலியாகவே கிடக்கிறது. துணியைத் துவைத்து, மடித்து, திரும்பப் பெட்டிக்குள்ளேயே வைக்கிறாள். காலையில் நான் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் படுக்கை விரித்தாகிவிடும். ஒரு சுருக்கம் கிடையாது, தலையணையில் தலை வைத்த குழிகூடக் கிடையாது. இந்த வீட்டில் ராத்திரி யாருமே தூங்கவில்லை என்று சத்தியம் செய்யலாம்.

எந்த நிமிஷமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாளோ?

மார்ச் 7, வெள்ளி

அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. குவிமாட அறைக்குள் கொஞ்ச நேரம் உலாவினேன். அங்கே அவள் நிறையப் பேசுகிறாள்.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வந்தாள். இந்தக் கல்யாணத்தை நடுவில் நின்று முடித்து வைத்தவள் அவள்தான். அவள் மெச்சுவாள் என்று படங்களை நீட்டினேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடற, உனக்குக் கண்ணு தெரியலையேடா! வருஷக்கணக்கா அடுத்தவன் படுத்த படுக்கையை உதறி விரிச்சவ அவ. அவளை ஆசையா எங்க கூட்டிட்டுப் போற? மறுபடி வேலைக்கா?"

சமையல்காரரை விருந்துக்குக் கூப்பிட்டு அடுப்படியில் உட்கார வைத்த மாதிரி அல்லவா செய்திருக்கிறேன்! என் புத்தியை என்ன சொல்ல. எங்கேயும் போக வேண்டாம் என்று நாளைக்கே சொல்லிவிட வேண்டும்.

குவிமாடமே, போய் வருகிறேன்.

மார்ச் 10, திங்கள்

சொன்னேன். "விடுதியெல்லாம் வேணாங்க. எனக்குத்தான் புத்தியில்ல. வீட்லயே இருப்போம்."

துண்டு மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "ஏன் வேணாம்?"

"உங்களுக்கு அது வேலை செஞ்ச இடம்..."

மடித்த துண்டை மறுபடி பிரித்து மடித்தாள். "அத்தனை படுக்கை விரிச்சிருக்கேன். ஒண்ணுல கூட உக்காந்ததில்ல. உக்காந்தா வேலை போயிடும். நீங்க படத்தைக் காட்டினப்ப, அந்த ரூம்ல நான் எங்க நிக்கறதுன்னுதான் யோசிச்சேன். கட்டில் எனக்குன்னு தோணவே இல்ல."

கேட்கக் கூடாது என்று நினைத்தேன், கேட்டேவிட்டேன். "அப்ப நம்ம கட்டில்?"

"அது உங்க கட்டில்ங்க" என்றாள், கோபமோ வருத்தமோ இல்லாமல்.

அப்புறம் அவளே கைபேசியை வாங்கி மூன்று விடுதிகளையும் நிதானமாகப் பார்த்தாள். கிழட்டுக் கட்டடத்தின் மேல் விரலை வைத்தாள். "இது."

"இதுவா? இருக்கறதிலயே பழசு!"

"ஜன்னல் திறக்கும். கொக்கி தெரியுது பாருங்க. எங்க விடுதியில ஒரு ஜன்னலும் திறக்காது. வெளிய மழையா வெயிலான்னு தெரியாமலே சாயங்காலம் ஆயிடும்."

நான் அத்தனை தடவை பார்த்தேன், அந்தக் கொக்கி என் கண்ணில் படவில்லை.

மார்ச் 14, வெள்ளி

வந்துவிட்டோம். லிஃப்ட் முனகிக்கொண்டே ஏறியது. கூண்டுக் கம்பி வழியாக ஒவ்வொரு மாடியாகக் கீழே இறங்கிப் போயிற்று: ஒரு நீளத் தாழ்வாரம், ஒரு பூச்சாடி, செய்தித்தாளோடு தூங்கும் ஒருவர். நாங்கள் மட்டும் அப்படியே மிதந்து நின்ற மாதிரி இருந்தது. அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அறைக்கு உயரமான கூரை. சுவரில் வெளுத்துப்போன மஞ்சள் பூக்கள். அவள் எதையும் பார்க்காமல் நேரே ஜன்னலுக்குப் போய்க் கொக்கியை நீக்கினாள். ஈர மண் வாசனை, புறாக்களின் சத்தம், ஏதோ ஓர் ஊருக்குக் கிளம்பும் ரயிலின் அறிவிப்பு, எல்லாம் ஒன்றாக உள்ளே வந்தன. இருட்டும் வரை அங்கேயே நின்றாள். நானும் நின்றேன். மனசுக்குள் நான் ஏறிய படிக்கட்டெல்லாம் இதன் கால் தூசுக்குப் பெறாது.

ஆனால் கட்டிலில் உட்கார்ந்தபோது விளிம்பில்தான் உட்கார்ந்தாள், டாக்டர் வீட்டு பெஞ்சில் உட்காருவது போல.

மார்ச் 15, சனி

குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், படுக்கை விரித்தாகிவிட்டது. இங்கேயுமா!

"கை தானா போச்சுங்க" என்றாள். அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண் வாசலிலேயே நின்றுவிட்டாள். விரிப்பின் மூலை கடித உறை மாதிரி மடித்துச் செருகியிருந்தது. அதைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். "எந்த விடுதியில வேலை, அக்கா?"

அவ்வளவுதான். இருவரும் இடுப்பு வலி, துண்டைத் திருடுகிறவர்கள், பற்பசைக் கறை என்று பேசிப் பேசிச் சிரித்தார்கள். ஒரு மாதத்தில் நான் கேட்காத சிரிப்பு. கிளம்பும்போது அந்தப் பெண் சொன்னாள்: "நாளைக்கு இதைத் தொடாதீங்கக்கா. அது என் வேலை. நீங்க தூங்குங்க."

மார்ச் 16, ஞாயிறு

தூங்குகிறாள்.

'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையை நேற்றே அவள் கையால் கதவில் மாட்டினாள். மாட்டிவிட்டு, இருக்கிறதா என்று மறுபடி மறுபடி வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

வெயில் நன்றாக ஏறிவிட்டது. திரை காற்றில் உப்புவதும் அடங்குவதுமாக இருக்கிறது. கட்டிலின் நட்டநடுவில், கையைக் காலைப் பரப்பிக்கொண்டு, லேசாகக் குறட்டை விடுகிறாள். எனக்கு ஓரமாக ஒரு சாண் இடம்தான் மிச்சம். அதனால்தான் ஜன்னலோரம் நாற்காலி போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். எதிரே ரயில்கள் வருகின்றன, போகின்றன. எதற்கும் அவசரமில்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் எப்போது இருந்தேன்?

மார்ச் 19, புதன்

கடையில் இன்று நல்ல கூட்டம். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், படுக்கை கலைந்து கிடக்கிறது. போர்வை ஒரு பக்கம், தலையணை ஒரு பக்கம், நடுவில் குழி. திருடன் புகுந்துவிட்டானோ என்று ஒரு கணம் பயந்தே போனேன். அலமாரி திறந்திருந்தது. அவள் துணிகள் அவள் பாதி போதாமல் என் பாதியிலும் இடம் பிடித்திருந்தன.

ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது. "அந்தப் பெட்டியைப் பரண்ல போட்டுடுங்க. கட்டிலுக்கு அடியில சும்மா தூசி அடையுது."

நாற்காலி போட்டு ஏறி, கைக்கு எட்டாத மூலைக்கே தள்ளிவிட்டேன்.