தோப்பு வாசலில் நின்ற வேன்

ஜூன் 5, வியாழன்

காலை ஆறு மணிக்கே புழுக்கம். இரண்டு தடவை கரண்ட் கட். பள்ளிக்கூடம் திறந்த வாரம், சிம்மக்கல் பூராவும் நோட்டு வாங்க வந்த கூட்டம். எங்கள் பேப்பர் கடையில் பில் போட்டுப் போட்டு விரல் வலி.

ஞாயிறு டூர். எழுதி வைத்தால்தான் மறக்காது.
- காலை 6.15 வேன் நம் தெருமுனை. 6.30க்கு மேல் யாருக்கும் காத்திருப்பது இல்லை (மாலாவிடம் இரண்டு தடவை சொல்ல).
- அழகர்கோவில், அப்புறம் மேலே பழமுதிர்சோலை.
- மதியம் மேலூர் ரோட்டு மாந்தோப்பு. தோப்புக்காரர் சோணைமுத்து அண்ணனுக்குப் போன் போட்டாச்சு.
- புளிச்சோறு நான். தயிர்சோறு ஜெயந்தி. துவையல், அப்பளம் மாலா.
- ஜெ. மருமகள் நித்யாவும் வருகிறாள், அஞ்சாம் மாசம். அவள் அம்மாவும் கூட. நடு சீட் அவர்களுக்கு.

முன் சீட் எனக்கு. டிரைவர் பாண்டிக்கு ஸ்டியரிங் தெரியும், வழி தெரியாது.

அவருக்குத் தலைத்திவசம் போன மாதம் முடிந்தது. ஒரு வருஷமாக வீடு, கடை, வீடு. கோயில் வாசல்கூட மிதிக்கவில்லை. இன்று பச்சைச் சேலையை எடுத்து அயர்ன் பண்ணினேன். அவர் இருந்தால் "ஊர் சுத்தக் கெளம்பிட்டியா" என்று கேட்டுக்கொண்டே தண்ணி பாட்டிலை நிரப்பி வைப்பார்.

சந்தோஷமாக இருக்கிறது. எழுதவே கொஞ்சம் கூச்சம்.

ஜூன் 7, சனி

புளிக்காய்ச்சல் முடித்து ஆற வைத்திருந்தேன். ஜெ. வந்தாள். வாசற்படியிலேயே நின்றாள்.

"யக்கா, நாளைக்கு டூரு இல்லக்கா. வேனு ஒர்க்‌ஷாப்புல கெடக்காம். அடுத்த மாசம் பாப்போம்."

வேறு வேன் பார்க்கட்டுமா என்றேன். வேண்டாம், நித்யாவுக்கும் அலுப்பா இருக்கு என்றாள். காபியும் வேண்டாம் என்றாள். இருபத்திரண்டு வருஷமாக எதிர்வீடு; ஜெயந்தி என் காபியை வேண்டாம் என்று சொன்னதே கிடையாது. அப்போதே பிடிபட்டிருக்க வேண்டும். எனக்கு எங்கே.

புளிக்காய்ச்சல் பிரிட்ஜில்.

ஜூன் 8, ஞாயிறு

போர்வை எல்லாம் துவைத்தேன். வெயில் கொளுத்தியது, அரை மணியில் காய்ந்துவிட்டது. எதிர்வீடு காலையிலிருந்து பூட்டு. மார்க்கெட் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மதியம் 12.40. போன்.

"யக்கா, பாண்டி பேசுறேன். காய்ச்சல் தேவலையா?"

"யாருக்கு?"

"ஒங்களுக்குத்தேன். காலையில சொன்னாகளே, அக்காவுக்குக் காய்ச்சலு, அந்தத் தெருவுக்குப் போகாத, பிள்ளையார் கோயில்கிட்ட வந்து ஏத்திக்கன்னு. சரிக்கா, இப்ப தோப்பு வாசல்ல நிக்கிறோம். சோணைமுத்து அண்ணே கேட்டைத் தொறக்க மாட்டேங்குறாரு. காய் எறக்குற நேரமாம். ராஜி சொன்னாத்தேன் விடுவேங்குறாரு."

பின்னால் ஜெ. குரல், "யாருக்குடா போன் போட்ட?" அதற்கப்புறம் அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. பதினாலு பொம்பளைகள் இருக்கிற வேன்.

போனை அண்ணனிடம் கொடு என்றேன். இவங்க யாருன்னே எனக்குத் தெரியாதுண்ணே என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் அம்புட்டுப் பேரும் தூக்குவாளியோடு ரோட்டில் நின்றிருப்பார்கள். நிற்கட்டும் என்றுதான் இருந்தது. ஆனால் வயிற்றுப் பிள்ளைக்காரி ஒருத்தி வெயிலில் உட்கார்ந்திருக்கிறாள்.

"அண்ணே, நம்ம ஆளுகதான். தொறந்துவிடுங்க. மாசமா இருக்குற பிள்ள ஒண்ணு இருக்கு, பம்புசெட்டுப் பக்கம் நெழல்ல கட்டிலு போட்டுக் குடுங்க."

"நீ வரலியாம்மா?"

"காய்ச்சல்ணே."

அவர்கள் சொன்ன பொய்யை நானே என் வாயால் சொன்னேன். அதுதான் இப்போது வரை எரிகிறது. என் வழி, என் தோப்பு, என் டூர். நான் மட்டும் இல்லை.

சோறு வடிக்கவில்லை. அழுதேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

ஜூன் 9, திங்கள்

கடை. மூன்று பில் தப்பு. முதலாளி பார்த்தார்.

சாயங்காலம் ஜெ. வந்தாள். கையில் அழகர்கோவில் தோசை.

"கோவமாக்கா?"

"காய்ச்சல்காரிகிட்ட ஒட்டிக்காத. தள்ளி நில்லு."

அழுதாள். சம்பந்தியம்மாதான் சொன்னதாம். வண்டி கிளம்பும்போது நான் முன்னால் உட்கார்ந்திருந்தால் பிள்ளைத்தாச்சிக்கு ஆகாதாம்.

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தக்கா சொல்ல? மகன் வாழ்க்க இருக்குல்ல."

"எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாம்ல. அவரு போனப்ப மூணு நாளு எம் பக்கத்துலயே படுத்துக் கெடந்தவ நீ. ஒனக்குமா நான் ஆகாமப் போனேன்?"

மூக்கைத் துடைத்தாள். குரல் மாறிவிட்டது.

"நீ மட்டும் வசந்தாக்காகிட்ட நேரா சொன்னியா? மாலா மருமக கல்யாணமாகி வந்த புதுசுல போனோமே, அப்ப லிஸ்டுல இருந்து அவ பேர அடிச்சது யாரு? வேன்ல எடமில்லன்னு சொல்லிட்டு வான்னு என்னையத்தான அனுப்புன. ரெண்டு சீட்டு சும்மா கெடந்துச்சு அன்னைக்கி."

அவள் போய் ரொம்ப நேரம் கழித்தும் எழுந்திருக்கவில்லை. உண்மைதான். நாலு வருஷம் இருக்கும். வசந்தா வீட்டுக்காரர் போய் அப்போது எட்டு, ஒன்பது மாதம். புதுப் பெண் வருகிற வண்டி, எதுக்கு வம்பு என்று பேரை அடித்தேன். வம்பு என்றுதான் நினைத்தேன், பாவம் என்று ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை. அடுத்த லிஸ்ட்டில் சேர்க்கவும் இல்லை. அவளும் கேட்கவில்லை.

அதற்காக ஜெ. செய்தது சரியாகிவிடாது. எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

தோசை மேசைமேல் கிடக்கிறது. அழகர் பிரசாதம், குப்பையிலும் போட முடியாது.

ஜூன் 10, செவ்வாய்

எதிர்வீட்டுக் கதவு திறந்தால் என் கதவைச் சாத்துகிறேன். அவளும் அப்படித்தான்.

கேஸ் புக் பண்ண. மாத்திரை ஒரு அட்டை.

ஜூன் 11, புதன்

கடைக்கு லீவு. காற்று அடிக்கிறது, வீடெல்லாம் மண். பத்து மணிக்கு வசந்தா வீட்டுக்குப் போனேன். தெருக்கடைசி, தையல் மெஷின் ரோட்டைப் பார்த்துப் போட்டிருப்பாள். பாவாடை ஒன்றுக்கு மடிப்பு அடித்துக்கொண்டிருந்தாள். உட்கார் என்று சொல்லவில்லை.

"ஞாயித்துக்கெழம அழகர்கோவில் போறேன். டவுன் பஸ்ஸுதான். வாரியா?"

"வேனு என்னாச்சு?"

சொன்னேன். எல்லாவற்றையும், லிஸ்ட்டில் நான் அவள் பேரை அடித்ததையும். தலை நிமிராமல் கேட்டாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஒண்ணு கேக்குறேன், உள்ளதச் சொல்லு. ஒன் வீட்டுக்காரரு இன்னைக்கி இருந்திருந்தா என்னையக் கூப்புட வந்திருப்பியா?"

"வந்திருக்க மாட்டேன்."

"சரி, நீ போயிட்டு வா" என்று மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.