இறக்கத்தில் நிற்கிற வண்டி

இன்று காலை நெடுமங்காட்டில் ஒரு பழைய வண்டியின் போனட்டின் மேல் உள்ளங்கையை வைத்தேன். குளிர்ந்திருந்தது. எடுக்க மனம் வராமல் கை அங்கேயே இருந்தது. மலையாளம் கலந்து பேசும் பழைய வண்டிப் புரோக்கர் நசீர் பக்கத்தில் நின்று சிரித்தார்.

"என்னா அண்ணா, டாக்டர் மாதிரி தொட்டு நோக்குது? காய்ச்சல் இருக்கா வண்டிக்கு?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உன் ஞாபகம் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு டயரைப் பார்க்கப் போனார். பாவம், நல்ல மனிதர்.

போன வருஷம் நாம் புருஷனும் பெண்டாட்டியுமாகப் போய்ப் பார்த்த வண்டிகளில் எல்லாம் நீதான் முதலில் போனட்டைத் தொடுவாய். விற்கிறவருக்கு வணக்கம் சொல்வதற்கு முன்பே. சூடாக இருந்தால் அங்கேயே திரும்பி, அவர் காதில் விழும்படி சொல்வாய்: "காலம்பற ஸ்டார்ட் ஆவாத வண்டிடே. நாம வருததுக்கு முன்ன ஓட்டிச் சூடாக்கி வெச்சிருக்கான், கேட்டியா." எனக்குக் கூச்சமாக இருக்கும். உனக்கு இருக்காது. "எங்கிட்ட வாரவங்களும் இப்படித்தான். வலி மாத்திரையைப் போட்டுட்டு வந்து உக்காந்து, வலியே இல்ல டாக்டர்னு சொல்லுவாங்க" என்பாய்.

இன்று தொட்ட வண்டியை வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அதில்தான் உன் ட்ரெயிலரை எஸ்டேட்டுக்கு இழுத்துப்போக வேண்டும். அங்கே நான் ஒரு தப்புச் செய்துவிட்டு வந்திருக்கிறேன். அதை முதலில் உன்னிடம் சொல்லியாக வேண்டும். வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

ட்ரெயிலர் கரமனை வீட்டு முற்றத்தில் நீ விட்ட இடத்திலேயே நிற்கிறது. உள்ளே பல் வைத்தியம் பார்க்கும் நாற்காலி, கம்ப்ரெசர், ஜெனரேட்டர், முந்நூறு லிட்டர் தண்ணீர் டாங்க். மாதம் ஒரு ஞாயிறு, வித்துராவுக்கு மேலே தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு அதைக் கொண்டுபோவாய். வாடகை ஜீப்தான் இழுக்கும். ஜீப்காரர் துபாய்க்குப் போகப் போகிறார் என்று தெரிந்ததும் நாம் சொந்தமாக ஒரு டீசல் வண்டி தேட ஆரம்பித்தோம்.

அப்போது நமக்குள் நடந்த சண்டை உனக்கு நினைவிருக்கும். ஆற்றிங்கலில் காபிக்கொட்டை நிறத்தில் ஒரு வண்டி. பழையது, லாரி மாதிரி இரும்புச் சட்டம், ஏற்றத்தில் மூச்சு வாங்கும். உனக்கு அது பிடித்துப்போயிற்று. நான் பம்புக்கும் குழாய்க்கும் அழுத்தம் கணக்கிடுகிறவன்; எட்டு வண்டிகளின் இழுவிசையை அட்டவணை போட்டு வைத்திருந்தேன். அதில் உன் காபிக்கொட்டை வண்டி எட்டாவது.

"இது மலை ஏறவே ஏறாது."

"மெல்ல ஏறட்டும். இறங்கும்போ பின்னால இருக்கது தள்ளும்லா, அப்ப நிக்கணும்டே. எனக்கு அதான் பயம்."

"பயத்தை வெச்சு வண்டி வாங்க முடியாது. கணக்கு இருக்கு."

நீ என் அட்டவணையை வாங்கிப் பார்த்தாய். "இதுல வண்டியோட எடை எங்க?" என்று கேட்டாய். அந்தப் பத்தியை நான் போடவே இல்லை. போடாததை ஒத்துக்கொள்ளாமல், "அது முக்கியம் இல்லை" என்றேன். நீ பேப்பரை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாய். மறு வாரம் அந்த வண்டியை யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

பிறகு மழைக்காலம். நீ கடைசியாக எஸ்டேட்டுக்குப் போய் வந்த வாரம் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றே நீயும் நினைத்தாய். எலிக்காய்ச்சல் என்று தெரிந்தபோது சிறுநீரகம் நின்றிருந்தது. அதற்கு மேல் அந்த நாட்களைப் பற்றி எழுத என்னால் ஆகவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பிந்து சேச்சி வீட்டுக்கு வந்தார். உன் நர்ஸ், உன் வலது கை. உன் கேம்ப் நோட்டை என் முன்னால் விரித்து வைத்தார்.

"சார், ஒம்பது பேரு. டாக்டர் வேரைச் சுத்தம் பண்ணி டெம்பரரி அடைச்சு விட்டதாக்கும். அடுத்த மாசம் எடுத்துட்டு ஒறப்பா அடைக்கணும்னு எழுதியிருக்கு. மாசம் ரெண்டாகப் போகுது."

"அவங்க வித்துராவுக்கு இறங்கி வரலாமே சேச்சி."

"ஒரு நாள் கூலி போகும் சார். மொகம் வீங்கினா மட்டும் வருவாங்க. அப்போ பல்லை எடுக்கறதுதான் நடக்கும்."

எனக்கு அந்த அடைப்பு தெரியும். ஒரு முறை எனக்கே வைத்துவிட்டாய். கை கழுவிக்கொண்டே சொன்னாய்: "இது வெறும் மண்ணு மாதிரிடே. ரெண்டு மாசம் தாங்கினா பெரிசு. எடுக்கதுக்குன்னே வெக்கது."

உன் ஜூனியர் ஷாலினி வருவதாக ஒத்துக்கொண்டாள். ஜீப்காரர் துபாய்க்குப் போய்விட்டதால் வண்டி மட்டும்தான் வேண்டும். நசீர் ஒரு சில்வர் வண்டியைக் காட்டினார். என் அட்டவணையில் அந்த மாடல்தான் முதலிடம். போனட்டைத் தொடவில்லை. எதையும் தொடுகிற நிலையில் நான் இல்லை. அட்டவணை சொல்கிறது, போதும் என்றிருந்தது. ஒரு ஞாயிறு ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டேன்.

போன ஞாயிறு அது வித்துரா வரை பறந்தது. ஏற்றங்களில் ட்ரெயிலர் பின்னால் இருப்பதே தெரியவில்லை. உன்னிடம் ஜெயித்துவிட்டதுபோல ஒரு எண்ணம் வந்தது. இரண்டு மாதத்தில் என்னுள் வந்த முதல் எண்ணம் அதுவாக இருந்ததற்கு வெட்கப்படுகிறேன்.

எஸ்டேட் கேட்டைத் தாண்டியதும் ஓடைப் பாலத்துக்கு இறங்கும் அந்தச் சரிவு. முதல் வளைவில் இரண்டாவது கியரில் திரும்பினேன். வண்டியின் பின்பக்கம் லேசாகத் தூக்கியதுபோல இருந்தது. பிரேக்கை மிதித்தேன். வேகம் குறையவில்லை, ட்ரெயிலர் பக்கவாட்டில் வந்து தள்ளியது. ஸ்டியரிங் கையில் எடையில்லாமல் ஆனது. இடப்பக்கம் மண்சுவர், வலப்பக்கம் தேயிலைச் சரிவு, அதற்குக் கீழே ஓடை. கருகின வாடை வண்டிக்குள் வந்தது. இரண்டாம் முறை மிதித்தபோது பெடல் பஞ்சுபோல உள்ளே போனது.

"சார்" என்றார் பிந்து சேச்சி.

முதல் கியரைத் திணித்தேன். கியர்பெட்டி அலறியது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியின் இடப்பக்கத்தை மண்சுவரில் தேய்க்க விட்டேன். தேய்த்துக்கொண்டே போய் நின்றது. பாலத்துக்கு இன்னும் நூறடி இருந்திருக்கும். எஞ்சினை அணைத்த பிறகும் ட்ரெயிலர் முன்னால் வரப் பார்ப்பது முதுகில் தெரிந்தது. சேச்சி கதவைத் திறந்து குதித்து, இரண்டு கைக்கும் இரண்டு கல் பொறுக்கிக்கொண்டு வந்து சக்கரத்தின் கீழ் வைத்தார். ஷாலினி பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான் ரோட்டோரம் உட்கார்ந்து, அட்டவணையில் விட்டுப்போன அந்த எடைப் பத்தியை மனதில் போட்டேன். காரின் எடை ஆயிரத்து இருநூறு கிலோ. ட்ரெயிலர் தகட்டில் எழுதியிருப்பது தொள்ளாயிரம். ஆனால் அது காலி ட்ரெயிலர். நாற்காலி, ஜெனரேட்டர், தண்ணீர் எல்லாம் சேர்த்தால் ஆயிரத்து நானூறுக்கு மேல். ட்ரெயிலருக்கென்று பிரேக்கும் கிடையாது. நிறுத்தி வைக்கிறபோது போடும் கைப்பிடி மட்டும். பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைவிடக் கனம். இதைக் கண்டுபிடிக்க இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. நீ படித்தது பல்லுக்கு, உனக்குத் தெரிந்திருந்தது.

டாங்கின் அடிக் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் முழுவதும் ரோட்டில் ஓடிப் பாலத்துக்குப் போயிற்று.

"தண்ணி இல்லாம எப்படி வேலை பாக்கறது?" என்றாள் ஷாலினி.

"முதல்ல உயிரோட போய்ச் சேரலாம்."

முக்கால் மணி நேரம் பிரேக் ஆறக் காத்திருந்தோம். பிறகு அவர்களை வண்டியில் ஏற்றவில்லை. முதல் கியரில் நான் ஊர்ந்து இறங்க, ட்ரெயிலரின் ஒரு பக்கம் சேச்சியும் மறு பக்கம் வெள்ளைக் கோட்டில் ஷாலினியும் ஆளுக்கொரு கல்லோடு நடந்து வந்தார்கள். எதிரே வந்த பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "என்ன, சாமி ஊர்வலமா?" என்று கேட்டார். சேச்சி கல்லை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். பாலம் தாண்டியபோது என் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது.

லயத்துப் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். சேச்சி அதைக் கொதிக்க வைத்து ஆற்றினார். ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். உன்னைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை, தெரிந்திருந்தது.

ட்ரெயிலர் கதவருகில் நின்று விளக்கைப் பிடிப்பது என் வேலை. ஷாலினி ஒவ்வொரு வாயிலிருந்தும் நீ வைத்த அடைப்பைக் கிளறி எடுத்து ஸ்டீல் தட்டில் போட்டாள். அரிசிக் குறுணை மாதிரி வெள்ளைத் துணுக்குகள். உன் கை கடைசியாகச் செய்த வேலை அதுதான் என்று மூன்றாவது ஆளின்போதுதான் எனக்கு உறைத்தது. மலை ஏறி, சாகப் பார்த்து, இதை அழிப்பதற்குத்தான் வந்திருக்கிறேன். விளக்கு வாயை விட்டுத் தட்டின் மேல் திரும்பியிருந்தது. "சேட்டா, லைட்" என்றாள் ஷாலினி. நேராகப் பிடித்தேன். எட்டு பேருக்கு முடிந்தது.

ஒன்பதாவது தங்கராசு. தேயிலை ஃபாக்டரியில் பாய்லர் பார்க்கிறவர். ட்ரெயிலர் படியில் உட்கார்ந்தவர் உள்ளே வரவில்லை.

"எனக்கு வேண்டாம் சார். அந்த டாக்டரம்மா வெச்ச நாள்லேர்ந்து ஒரு வலி கெடையாது. அப்படியே கெடக்கட்டும்."

"அது டெம்பரரி, அண்ணாச்சி. ஒடஞ்சுபோவும்" என்றாள் ஷாலினி.

"ஒடையறப்ப ஒடையட்டும் டாக்டர். அந்தம்மா வெச்சதை நானா எடுக்கச் சொல்ல மாட்டேன்."

ஷாலினி என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் கேட்டிருப்பார். அந்த அடைப்பு எவ்வளவு நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியும். அடைப்பில் விரிசல் விட்டால் கிருமி எங்கே போகும் என்றும் தெரியும். ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. ஒன்றாவது மிஞ்சட்டும் என்று.

"விடு ஷாலினி. அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றேன்.

ஏறும்போது காட்டிய வித்தையைத் திரும்பும்போது செய்யவில்லை. காலி டாங்கோடு, முதல் கியரிலேயே வந்தேன். வித்துராச் சந்தையில் டீ குடிக்க நிறுத்தினோம். ஷாலினி கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"சேட்டா, அது பல்லாக்கும். போட்டோ இல்ல."

செவ்வாய்க்கிழமை தங்கராசுவின் மனைவி போன் செய்தார். கன்னம் வீங்கிவிட்டது, கஞ்சிகூட இறங்கவில்லை. ஷாலினி மருந்து எழுதித் தர, சேச்சி வித்துரா பஸ்ஸில் கொடுத்து அனுப்பினார். வீக்கம் பாதி இறங்கியிருக்கிறது. இந்த ஞாயிறு திறந்து சுத்தம் செய்தால் பல் தப்பும். தாண்டினால் தப்பாது என்கிறாள் ஷாலினி. கீழே கூட்டிவரச் சொல்லிப் பார்த்தோம். "அந்தம்மா வண்டி வரும்லா, அதுல பாத்துக்கிடறேன்" என்கிறாராம். நான் விட்டுவிட்டு வந்த பிடிவாதம்தானே அது.

நசீர் சில்வர் வண்டியை விடவில்லை. "கதவு கீறினது சரியாக்கித் தரும் அண்ணா, இன்னைக்கே எடுத்தோ" என்றார். எனக்குக் கனமான வண்டி வேண்டும் என்றேன். "கனமா? எல்லாரும் மைலேஜ் சோதிக்கும், அண்ணன் கனம் சோதிக்குது" என்று தலையைச் சொறிந்தார். இன்று காட்டியது பாசிப்பச்சை நிறம், அழகில்லாதது, இரும்புச் சட்டம். குளிர்ந்த எஞ்சினை என் கண் முன்னால் முடுக்கச் சொன்னேன். ஒரு முறை இருமி, உடம்பை உலுக்கிக்கொண்டு நின்று பிடித்தது. புகை கொஞ்ச நேரத்தில் தெளிந்தது. லாரி எடை போடும் மேடைக்கு ஓட்டிப்போனேன். ஆயிரத்து எண்ணூற்று அறுபது கிலோ. பிறகு இறக்கத்தில் பார்த்தேன், ஏற்றத்தில் பார்க்கவே இல்லை. ட்ரெயிலருக்குத் தனி பிரேக் வைக்கப் பட்டறையில் சொல்லியாயிற்று, சனிக்கிழமை தருகிறார்கள். டாங்கைக் காலியாகத்தான் கொண்டுபோவேன். தண்ணீர் மேலே கிடைக்கும்.

அட்டவணையில் எடைக்கு ஒரு பத்தி போட்டுவிட்டேன். ஆற்றிங்கல் வண்டி அதில் முதலில் வருகிறது. உன்னிடம் ஒத்துக்கொள்ள இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

வண்டி போய்ச் சேர்ந்துவிடும். பயம் அதைப் பற்றி இல்லை. தங்கராசு படியில் உட்கார்ந்து, வீங்கின கன்னத்தோடு, வேண்டாம் என்பார். நீ இருந்தால் ஒரு அதட்டலில் வாயைத் திறக்க வைத்திருப்பாய். இந்த முறை நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எடுக்கதுக்குன்னே அவ வெச்சது அண்ணாச்சி, என்று சொல்ல வேண்டும். உன் வார்த்தை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கரமனையிலிருந்து நெடுமங்காடு வரை வண்டிக்குள் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். நாலு தடவையும் 'அவ' என்கிற இடத்தில் நின்றுபோயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் முழுதாகச் சொல்லப் பழகிவிடுவேன்.