ஜெமியின் விளையாட்டும் உன் ஓ.டி.பி.யும்

ராஜபாளையம்,
ஜூலை, வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பி எபனேசருக்கு,

அக்கா ஞானபாக்கியம் எழுதுவது. நானும் உன் மகள் ஜெமியும் சுகம். நீயும் கேத்ரினும் மஸ்கட்டில் சுகமாக இருப்பதாகப் போனில் சொன்னாய். அதுவரை தெளிவாகத்தான் கேட்டது. ஜெமியின் கல்லூரிப் பேச்சை நான் எடுத்ததும் லைன் கெட்டுவிடுகிறது. போன ஞாயிறும் கெட்டது, அதற்கு முந்தின ஞாயிறும் கெட்டது. ஆகவே கடிதம். விடுமுறை முடிந்து நாளை உன் கம்பெனிக்கே திரும்பும் சாம்சனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன். அவனுக்கு ஒரு டீ கொடு.

விஷயத்துக்கு வருகிறேன். ஜெமி வீடியோ கேம் செய்கிற வேலைக்குப் போக விரும்புகிறாள். அதற்கேற்ற படிப்பு வேண்டும் என்கிறாள். நீயோ, ஸ்ரீவில்லிபுத்தூரில் பி.காம். சேர்ந்து, என் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வந்து, பிறகு பேங்க் பரீட்சை எழுதட்டும் என்கிறாய். அவளை வழிக்குக் கொண்டுவரும் பொறுப்பை மே மாதம் என்னிடம் ஒப்படைத்தாய். நானும் ஏற்றுக்கொண்டேன். நாள் முழுதும் போனைத் தடவிக்கொண்டிருப்பவர்களைப் பற்றி என் அபிப்பிராயம் உனக்குத் தெரியும். அது இன்றும் மாறவில்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் அல்லவா?

கோடை விடுமுறையில் நம் தெருப் பிள்ளைகளிடம் ஒரு நல்ல மாற்றத்தைக் கண்டேன். நான் நடக்கும்போது பின்னால் சளசளவென்று பேசிக்கொண்டு வருவார்கள். நான் திரும்பினால் போதும், சிலையாக நின்றுவிடுவார்கள். ஒருவன் தூக்கிய காலை இறக்காமலே நின்றான். சர்ச்சில் பாடகர் குழுப் பையன்களும் இப்படியே. கன்னியர் மடத்துப் பள்ளியில் சிஸ்டர் வராந்தாவில் வந்தால் நாங்கள் நின்றது போல இருந்தது. பிள்ளைகளிடம் ஒழுக்கம் திரும்பி வருகிறது என்று பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். சிலர் சற்று அதிகமாகவே தட்டினார்கள்.

பிறகு நம் வீட்டில் வேலை செய்யும் சீனியம்மாள்தான் விஷயத்தை உடைத்தாள். தெருவில் ஒரு பையன் இன்னொருவனிடம், "ஏலே, அவிய திரும்புதாவ, அசையாத, அவுட்டாயிருவ" என்று சொன்னானாம். என்ன அவுட் என்று கேட்டேன். "ஒங்களுக்குத் தெரியாதாம்மா? ஒங்கள வச்சுத்தான நம்ம ஜெமிப் பாப்பா போன்ல வெளையாட்டு செஞ்சிருக்கு. எம் பேரன் சோறு திங்காம ஒங்களத்தான் வெளையாடுதான்" என்றாள்.

விளையாட்டு இதுதான். ஒரு பையனின் கிரிக்கெட் பந்து ஒரு வீட்டுத் தோட்டத்துக்குள் விழுந்துவிடுகிறது. அங்கே கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் குரோட்டன்ஸ் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறாள். அவள் திரும்பாத நேரம் பார்த்து நகர்ந்து பந்தை எடுக்க வேண்டும். அவள் பார்க்கும்போது அசைந்தால் பிடிபடுவான். பிடிபட்டால் உட்கார்ந்து அறிவுரை கேட்க வேண்டும். அறிவுரை முடியும்வரை திரையில் எதைத் தொட்டாலும் நகராது. இந்தப் பகுதியைப் பையன்கள் மிகவும் ரசிக்கிறார்களாம்.

எனக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. ஆனால் போனில் அதைப் பார்த்தபோது முதலில் கண்ணில் பட்டது சேலை. அந்த அம்மாளின் முந்தானை வலது தோளில் கிடந்தது. நான் என்றைக்கு அப்படிக் கட்டியிருக்கிறேன்? அடுத்தது, அவள் மேஜை விசிறி மாதிரி ஒரே கணக்கில் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். நான் என்ன விசிறியா? சருகு மிதிபட்டால் திரும்புவேன், கேட் சத்தம் போட்டால் திரும்புவேன். சத்தமே இல்லாவிட்டால் இன்னும் வேகமாகத் திரும்புவேன். மூன்றாவது, ஒரு பையன் சுவருக்குள் புகுந்து மறுபக்கம் போய்விட்டான். ஜெமியைக் கூப்பிட்டு, கேலி செய்வதாக இருந்தாலும் ஒழுங்காகச் செய் என்றேன்.

அழுவாள் அல்லது முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "அத்தை, செத்த நேரம் தோட்டத்துல வந்து திரும்பிக் காட்டுதியளா?" என்றாள். திரும்பிக் காட்டினேன். போனில் படம் பிடித்தாள். கழுத்து முதலில் திரும்புகிறதா, தோள் முதலில் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டுமாம். சத்தம் எவ்வளவு தூரத்தில் கேட்டால் எவ்வளவு வேகமாகத் திரும்ப வேண்டும் என்று தாள் தாளாகக் கணக்குப் போட்டாள். திருத்தியதைக் கொண்டுவந்து காட்டினாள். தவறு சொன்னேன். மறுபடி திருத்தினாள். மறுபடியும் தவறு சொன்னேன். எபனேசர், இந்தப் பெண் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்க நான் மூன்று தடவை கத்த வேண்டும். இந்த வேலையில் மட்டும் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. ஒருநாள் நான் போதும் என்றேன். அவள் இன்னும் சரியில்லை என்றாள். அன்றைக்குத்தான் அவளை நான் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

நானும் விளையாடிப் பார்த்தேன், தவறு கண்டுபிடிப்பதற்காக மட்டும். பந்தை இன்னும் எடுக்க முடியவில்லை. அந்த அம்மாள் மிகவும் கண்டிப்பானவள்.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் கல்லூரிக் கண்காட்சி நடந்தது. அவளை அழைத்துக்கொண்டு போனேன். முதலில், அவள் சென்னையில் சேரத் துடித்துக்கொண்டிருந்த 'கேம் டிசைன்' படிப்பின் ஸ்டால். கோட் போட்ட ஒரு பையன், "மேடம், கணக்கே கிடையாது, ஜாலியா படிக்கலாம்" என்றான். படித்துப் போனவர்கள் செய்த விளையாட்டு ஒன்றைக் காட்டு என்றேன். சுவரில் ஒட்டியிருந்த பெரிய படத்தைக் காட்டினான். அது ஜப்பான்காரர்கள் செய்தது என்று ஜெமி சொன்னாள். ஆள் சுவருக்குள் புகாமல் தடுப்பதை எந்தப் பாடத்தில் சொல்லித் தருவார்கள் என்று அவனிடம் கேட்டாள். அவன் அவளுக்கு ஒரு பேனா கொடுத்தான்.

கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றின் ஸ்டாலில் ஒரு பேராசிரியை இருந்தாள். கேமுக்கென்று தனிப் பட்டம் அங்கே இல்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான், கணக்கும் புரோகிராமிங்கும் கடுமையாக இருக்கும், மூன்றாம் வருஷம் கிராஃபிக்ஸ் பாடம் எடுத்துக்கொள்ளலாம், விளையாட்டுகளை மாலை நேரத்தில் சொந்தமாகச் செய்து பழக வேண்டும், கேம் கம்பெனியில் இடம் கிடைக்காவிட்டாலும் இந்தப் படிப்புக்கு வேறு வேலை உண்டு என்றாள். மாணவிகள் செய்த ஒரு விளையாட்டைக் காட்டி, அதில் எங்கெங்கே தப்பு இருக்கிறது என்பதையும் அவளே சொன்னாள். எனக்குப் பிடித்துவிட்டது. திரும்பி வரும் பஸ்ஸில், சென்னை வேண்டாம், இதுதான் வேண்டும் என்று ஜெமியே சொன்னாள். அவளுடைய கட் ஆஃப் மதிப்பெண்ணுக்கு அங்கே இடம் கிடைக்கும்.

அதே பஸ்ஸில்தான் இன்னொன்றும் தெரிந்தது. வெளியூருக்கு அனுப்ப அத்தை சம்மதிக்க மாட்டாள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறாயாம். அத்தை தனியாகக் கிடப்பாள், மனசு உடைந்துவிடும் என்றும் சொன்னாயாம். உன் பெண்ணுக்கு நீ மறுப்புச் சொல்வதாக இருந்தால் உன் பெயரிலேயே சொல். என் மனசைப் பற்றி என்னிடம் கேட்காமல் அறிக்கை விடாதே. உன் அத்தான் ஜேசுதாசன் போன பிறகு ஆறு வருஷம் இந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தேன். பிளஸ் ஒன் படிக்க ஜெமியை நீ அனுப்பியபோது, இரண்டு பேருக்கு எப்படிச் சமைப்பது என்று மறந்து போயிருந்தது. பழகிக்கொண்டேன். ஒருவருக்குச் சமைப்பதும் அப்படித்தான்.

இப்போது உன் வேலை ஒன்றே ஒன்றுதான். எதற்கும் இருக்கட்டும் என்று முன்பே போட்டுவைத்த பி.இ. கலந்தாய்வு விண்ணப்பத்தில் உன் நம்பரைக் கொடுத்திருக்கிறோம். கல்லூரிப் பட்டியலை உறுதி செய்யும்போது உன் போனுக்கு ஓ.டி.பி. வரும். சில நிமிடங்களில் அது செல்லாமல் போய்விடும். இரண்டு முறை கேட்டோம், வரவில்லை என்றாய். காலை வணக்கப் படங்கள் மட்டும் உனக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன, எனக்கும் அனுப்புகிறாய். வருகிற ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கடைசி அவகாசம் முடிகிறது. ஆராதனை முடிந்து வந்ததும் ஜெமி கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். நான் பக்கத்தில் இருப்பேன். நீ போனைக் கையில் வைத்திரு.

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. சீனியம்மாள் பகலெல்லாம் இருக்கிறாள். வெள்ளிக்கிழமை ராத்திரி கோயம்புத்தூரில் புறப்படும் பஸ் சனிக்கிழமை காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் இங்கே வந்துவிடுமாம். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனபோது சும்மா விசாரித்தேன். மாதம் ஒரு தடவை வருகிறேன் என்று ஜெமி சொன்னாள். படிப்பைப் பார், அதெல்லாம் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் சரி என்றுவிட்டாள். நீ பேசும்போது, மாதம் ஒரு தடவை ஊருக்கு வருவது நல்ல பழக்கம் என்று தகப்பன் முறையில் அவளுக்குச் சொல்லிவை. நான் எழுதினேன் என்று காட்டிக்கொள்ள வேண்டாம்.

கர்த்தர் உன்னையும் கேத்ரினையும் உங்கள் கைகளின் வேலையையும் ஆசீர்வதிப்பாராக.

உன் அன்புள்ள அக்கா,
ஞானபாக்கியம் ஜேசுதாசன்