மேல் வரிசைக் கம்பிகள்

இன்று காலை நீர்த்தேக்கத்தின் கரைச் சரிவில் நடந்தபோது ஏதோ என் இடுப்புச் சாரத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்தது. குனிந்து பார்த்தேன். துருப்பிடித்த சைக்கிள் கம்பி. நாம் இருவரும் அடித்து வைத்ததுதான், ஐயா. அன்று தலை மட்டும் தெரிந்தது. இப்போது அரைச் சாண் வெளியே நிற்கிறது. அதை மூடியிருந்த மண் முழுவதும் கீழே தண்ணீருக்குள்.

நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து பதுளை மண் பாதுகாப்பு அலுவலகத்துக்கு வந்தவர். நான் தேயிலைத் தோட்டத்தில் மழைநீர் ஓடக் கான் வெட்டியவன். மேலே உருளைக்கிழங்குப் பாத்திகளைச் சரிவு வாக்கில் போடுகிறார்கள், மழையில் மண் இறங்கி நீர்த்தேக்கம் தூர்ந்துவிடும் என்று முதலில் சொன்னவன் நான். பள்ளிக்கூடம் போகாதவன் சொல்லை யார் கேட்டார்கள்? நீங்கள் மட்டும், "அளந்து காட்டுவம் அண்ணை" என்றீர்கள். பாத்திகளுக்குக் கீழே சரிவில், மேலும் கீழுமாக இரண்டு வரிசையாகக் கம்பி அடித்தோம். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கம்பி எவ்வளவு வெளியே தெரிகிறது என்று நான் கொப்பியில் எழுதினேன்.

ஆனால் கம்பியடியில் புல் முளைத்தது. வாழ்நாளெல்லாம் தேயிலைக்கடியில் புல் பிடுங்கிய கை சும்மா இருக்குமா? பிடுங்கினேன். வேர் போன இடத்தில் மண் கூடுதலாக ஓடியது.

உங்கள் மேலதிகாரி வந்து பார்த்தார். "மண்ணைக் கிளறினது இவர், பழி மழைக்கு" என்று சிரித்தார். நீங்கள் என்னைத் தனியே அழைத்தீர்கள்.

"எந்தக் கம்பியளிலை புல்லுப் புடுங்கினனீங்கள்? அதுகளை விட்டுட்டு மிச்ச அளவுகளைக் குடுப்பம்."

"நா ஒண்ணுலயும் கை வைக்கலங்க."

"அண்ணை, சவரம் செய்த மாதிரிக் கிடக்கு."

"கெடந்தா கெடக்கட்டும். நம்பலன்னா போங்க."

போனீர்கள். நம் அளவுகள் முழுவதையும் ஒதுக்கிவிட்டார்கள். பாத்திகளை யாரும் மாற்றவில்லை. மாற்றலாகிப் போன பிறகு நீங்கள் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. போன மாதம் உங்கள் சாவுச் செய்திதான் வந்தது.

சிரித்த அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். தூர்ந்துவிடும் என்று நாம் சொன்ன நீர்த்தேக்கத்தின் அதே மூலை இப்போது தூர்ந்து, அதில் மாடு மேய்கிறது. "பாத்தீங்களா ஐயா" என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: மேல் வரிசை. அது பாதையோரம், புல் மண்டிக் கிடப்பதைப் போகிறவர்கள் பார்த்து இழிவாகப் பேசுவார்களே என்று பிடுங்கினேன். கீழ் வரிசையை நான் தொடவே இல்லை. அந்த அளவுகள் அத்தனையும் சரி.

இன்றும் அந்தக் கம்பியடியில் புல் இருந்தது. கை தானாகப் போயிற்று. பிடுங்காமல் கையை இழுத்துக்கொண்டேன்.