செல்லியின் பெயர் இல்லாத பாட்டு

காவியாவுக்கு,

செல்லியின் பெயரைப் பாட்டிலிருந்து எடுத்துவிட்டாய். முதலில் இதை எழுதிவிட்டேன், இனி நலம் விசாரிக்கலாம். நாங்கள் எல்லோரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மும்பையில் வேளைக்குச் சாப்பிட்டுத் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் கேட்டேன், நீலக்குறி விழுந்தது, பதில் வரவில்லை. மேடையில் நின்று ஊரே அதிர உறுமுகிறவளுக்கு அம்மாவுக்கு இரண்டு வரி தட்ட முடியவில்லை. அதனால்தான் காகிதம். ஊருக்காக மனு எழுதி எழுதிக் கை பழகிவிட்டது, பதில் வராத இடத்துக்கு எழுதுவதும் பழகிவிட்டது.

சாமை அறுத்தாகிவிட்டது. பன்றி தின்றது போக மிச்சம் நமக்கு. உன் அப்பா நீ அனுப்பிய கறுப்புச் சட்டையைத்தான் களத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறார், நெஞ்சில் மண்டை ஓடு, அதற்குக் கீழே ரத்தம் ஒழுகுகிற எழுத்தில் பன்றிக்காவல் என்று உங்கள் பேண்டின் பெயர். அதோடு ரேஷன் கடைக்குப் போயிருக்கிறார், கடைக்காரர் இன்னாய்யா இது, சாவுக்குப் போய்ட்டு வர்றியா என்று கேட்டாராம், இல்லிங்க எம் பொண்ணு கம்பெனி சட்டை என்று இவர் சொன்னாராம். பேண்டு என்றால் கம்பெனி இல்லை என்று அவருக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். போன வாரத்திலிருந்து சொல்வதை நிறுத்திவிட்டேன், அவர் சொல்வதுதான் சரியோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

ஒடுகத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கும் பூவரசன், உன் பேரில் ரசிகர் பக்கம் நடத்துகிறவன், சார்ஜர் வாங்கப் போன என்னைப் பிடித்துக்கொண்டு அழாத குறை. அக்கா செல் அவுட் ஆய்ட்டாங்க ஆன்ட்டி, காசுக்கு வெல போய்ட்டாங்க, முன்ன மாதிரி உறுமறதே இல்ல, புதுப் பாட்டுல இழுத்து இழுத்துப் பாடுறாங்க, எங்க மாமியாரு கூட கேக்குது ஆன்ட்டி என்றான். மாமியார் கேட்டால் பாட்டு கெட்டுவிடுமாடா என்று கேட்டேன். மெட்டல் பாட்டுன்னா உறுமணும், அப்டித்தான் ஆன்ட்டி என்றான். அவன் கண்ணாடி அலமாரியில் மண்டை ஓடு போட்ட செல்போன் உறை தொங்குகிறது, அதை விற்றால் வியாபாரம், நீ விற்றால் துரோகம். உன்னை நாலு பையன்கள் இருட்டு அறையில் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டபோது நீ யோக்கியம், நாடே கேட்டால் அயோக்கியம் என்கிற கணக்கு எனக்குப் புரியவில்லை. பரண்மேல் நின்று பன்றியை விரட்டுகிறவள் சத்தம் அடுத்த காட்டுக்கும் கேட்டால் நல்லதுதானே, அந்தக் காட்டுக்காரன் சும்மா தூங்கிவிட்டுப் போகிறான். பெரிய மேடை, விலையான பூட்ஸ், தலையில் அந்தப் பச்சைச் சாயம், எதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. சாயம் நன்றாகவே இல்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் பூவரசனுக்குக் கேட்காத ஒன்று எனக்குக் கேட்டது. செல்லி கதை உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் எழுதுகிறேன், உன்னோடு இருக்கிற மும்பைக்காரர்களுக்கு வாசித்துக் காட்டு. நம் ஊருக்கு ரோடு போட்டாகிவிட்டது என்று திட்டத்தின் பெயரும் தொகையும் எழுதித் தகரப் பலகை நட்டார்கள். பலகை வந்தது, ரோடு வரவில்லை. செல்லியைக் கட்டுவிரியன் கடித்த அன்று ஆளைச் சுமக்கத் தூளி கட்ட மூங்கில் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை என்று அவள் புருஷன் மணிவேலும் உன் அப்பாவும் அந்தப் பலகையைப் பிடுங்கி, அதில் அவளைப் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஆம்புலன்ஸ் நிற்கிற இடம் வருவதற்குள் போய்விட்டாள். அவளுக்குப் போட்ட ரோட்டின்மேல் படுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். அப்புறம் மணிவேல் மேல் அரசுச் சொத்தைச் சேதப்படுத்தியதாக வழக்கு, இன்னும் போளூர் கோர்ட்டுக்கு அலைகிறான். பிடுங்கிய இடத்தில் அந்த மாதமே புதுப் பலகை வந்துவிட்டது, அதில் மட்டும் நம் அரசாங்கத்தைக் குறை சொல்ல முடியாது.

அதை நீ பாட்டாக்கினாய். ரோடு போட்டவனே உன் பலகையில் செல்லி வருகிறாள், வழி விடு என்று நீ உறுமியபோது இங்கே ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை. மணிவேல் செல்போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அக்கா எங்க வர்து அவ பேரு, எங்க வர்து என்று கேட்டான், நீ எழுதி அனுப்பிய வரிகளைப் பார்த்து நான் விரலைத் தூக்கிக் காட்டினேன், இதோ இங்கே என்று. அந்த இடம் வரும்போதெல்லாம் அவனும் விரலைத் தூக்குவான். இப்போது அதே பாட்டு கார் விளம்பரத்தில் வருகிறது. ரோடே இல்லாத மலையில் ஒரு கார் குதித்துக் குதித்து ஏறுகிறது, உள்ளே ஒருத்தி சிரிக்கிறாள், நீ வழி விடு மலையே வழி விடு என்று தேன் மாதிரி பாடுகிறாய். ஜமுனாமரத்தூர் டீக்கடையில் கிரிக்கெட்டுக்கு நடுவே பார்த்தேன். நம்மிடம் ரோடு இல்லை என்பதே அவர்களுக்குக் கார் விற்க வசதியாகிவிட்டது. உறுமியபோது அந்தப் பெயர் இருந்தது, யாருக்கும் கேட்கவில்லை. இன்றைக்கு உன் ஒவ்வொரு சொல்லும் பூவரசன் மாமியாருக்குக்கூடத் தெளிவாகக் கேட்கிறது, கேட்க வேண்டிய அந்த ஒன்று மட்டும் இல்லை. குரலை மாற்றியது உன் இஷ்டம் கண்ணு. செல்லி உன் சரக்கு இல்லை.

நான் பெரிய நியாயவாதி என்று நினைத்துக்கொண்டு எழுதவில்லை. நீ அனுப்பிய பணத்தில் போட்ட கூரைக்கு அடியில் உட்கார்ந்துதான் உன்னைத் திட்டுகிறேன், இந்த மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை. விளம்பரத்துக்குப் பாடாதே என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, நாங்களும் கடுக்காயையும் தேனையும் விலைக்குத்தானே கொடுக்கிறோம்.

மணிவேல் விளம்பரத்தைப் பார்த்துவிட்டான். கோபப்படவில்லை, அதுதான் எனக்கு ஆகவில்லை. விளம்பரம்னா குட்டியாத்தான் இருக்கும்க்கா, அதுக்குள்ள எல்லாத்தயும் எப்டிப் போடுவாங்க, முழுப் பாட்டுல நம்ம காவியா பாப்பா வுட்டிருக்காது என்று எனக்கே சமாதானம் சொல்கிறான். முழுப் பாட்டையும் பூவரசன் கடையில் நான் கேட்டுவிட்டேன். அதிலும் இல்லை. அவனிடம் இன்னும் சொல்லவில்லை. அடுத்த மாதம் சென்னையில் உங்கள் கச்சேரி இருப்பது அவனுக்கும் தெரிந்துவிட்டது, உன் அப்பாவின் வாய் சும்மா இருக்குமா. போளூரிலிருந்து பஸ் ஏறி வரப்போகிறானாம், கோர்ட்டுக்குப் போட்டுக்கொண்டு போகிற வெள்ளைச் சட்டையைத் துவைத்து வைத்திருக்கிறான். அந்தக் கறுப்புக் கூட்டத்துக்கு நடுவில் வெள்ளைச் சட்டையோடு விரலைத் தூக்கத் தயாராக ஒரு ஆள் நிற்பான், மேடையிலிருந்து உனக்குத் தெரியாமல் போகாது.

எந்தக் குறையும் இல்லாமல் நல்லா இரு, நம் மலைச்சாமி உன்னோடு வரட்டும், அதற்கு வர ரோடு வேண்டாம். தொண்டையிலிருந்து கத்தாதே, அடிவயிற்றிலிருந்து கத்து, சுக்கு வெந்நீர் குடி. தங்கை அபிநயா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள், அவளுக்கும் பச்சைச் சாயம் வேண்டுமாம், அனுப்பினால் இரண்டு பேரையும் ஒன்றாக உதைப்பேன்.

உன் அம்மா,
கல்பனா

கடிதத்தை மடிக்கும்போது மணிவேல் வந்து வாசலில் நிற்கிறான். பாப்பாவுக்குத்தான எழுதுற, நான் வர்றேன்னு ஒரு வரி போட்டுடுக்கா என்கிறான். போட்டுவிட்டேன். அந்தப் பெயரை உறுமாமல், எல்லோருக்கும் கேட்கிற குரலில் நீ சொல்வாயா மாட்டாயா, அவன் பஸ் ஏறுவதற்குள் எனக்கு எழுது.