டுரியானைப் பிளக்க ஆள் தேவை

சுஹானா,

நேற்று கோபத்தில் சாப்பிடாமலே படுத்துவிட்டாய். காலையில் வாங்கிய நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் மேசைமேல் இருக்கிறது, சூடு ஆறுமுன் சாப்பிடு. கார் சாவி ஆணியில் தொங்குகிறது. நானும் உன் மகளும் பாலர் பள்ளிக்கு நடந்தே போகிறோம். அத்தனை முள்ளோடு ஸஹ்ராவால் காரில் உட்கார முடியவில்லை.

இளவரசி வேடத்துக்கென்று நீ தைத்த மஞ்சள் கவுனை நான் பாழாக்கவில்லை மகளே. அதைத்தான் போட்டிருக்கிறாள். அதற்குமேல் முட்டை அட்டையில் நான் செய்த டுரியான் பழத்து முள்தோடு, அவ்வளவுதான். மாறுவேடப் போட்டிக்கு இளவரசிகள் லாரி லாரியாக வந்து இறங்குவார்கள். டுரியான் ஒன்றுதான் வரும். இதைப் பார்த்தால் பாலிக் பூலாவ் தோட்டத்து டுரியான் மரங்களெல்லாம் வெட்கப்பட்டுக் காய்ப்பதை நிறுத்திவிடும்.

பக்கத்து வீட்டு வேலு பழம் வாங்குகிறவர்போல் அவளைத் தூக்கிக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஒரே சிரிப்பு. “நல்லா பழுத்திருச்சுலா அண்ணே” என்றார்.

மேடையில் தோட்டைப் பிளந்தால் உன் கவுன் மஞ்சள் சுளையாகத் தெரியும். நானே பிளக்கிறேன் என்றேன். “தாத்தா வேணாம். உம்மா தச்சது, உம்மாதான் பிளக்கணும்” என்கிறாள். பத்து மணிக்கு எங்கள் முறை.

வாப்பா

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: முதல் பரிசு நமக்குத்தான், அதில் சந்தேகமே வேண்டாம். நீ வருவாயா என்று உன் அறைக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கட்டிப்பிடித்துச் சமாதானம் சொல்லலாமென்றால், நான் வைத்த முள் என்னையே கிட்ட விடவில்லை.